உவர்க் கிணற்றிலிருந்து மரபணு வரை: கடுகு, கோவாப் பயிர்களின் படியெடுத்தல் காரணிகளை ஆராயத் தொடங்குவோருக்கு

திருகோணமலை மாவட்டத்தின் குச்சவெளிப் பக்கம் கடலோரமாகத் தோட்டம் செய்யும் மாமி ஒருவரின் வளவில் கடுகு போட்டிருந்தார். தையில் போய்ப் பார்த்தபோது இலைகள் அகலமாக, கரும்பச்சையாக நின்றன. ஆனியில் திரும்பப் போனேன். அதே பாத்தியில் இரண்டாம் தடவை போட்ட கடுகு விரல் நீளத்தோடு நின்றுவிட்டது. இலையின் ஓரமெல்லாம் நெருப்புப் பட்ட தாள்போலப் பழுப்பாகச் சுருண்டிருந்தது. "மாரிக்கு இது நல்ல தண்ணி பிள்ளை. கச்சான் தொடங்கினா வாயில வைக்கேலாது" என்றார் மாமி.

நிலாவெளி, குச்சவெளி மணல் நிலங்களின் அடியில் மழைநீர் ஒரு மெல்லிய படையாக உப்பு நீரின்மேல் கிடக்கிறது. கச்சான் காற்று வீசும் மழையில்லாத மாதங்களில் இறைக்க இறைக்க அந்தப் படை மெலிந்து, கிணற்றில் உப்பு ஏறுகிறது. பயிர் அதைத் தாங்குவதும் தாங்காமல் போவதும் அதற்குள் எந்த மரபணுக்கள் எப்போது விழிக்கின்றன என்பதைப் பெரிதும் பொறுத்தது. அவற்றை விழிக்கச் செய்யும் புரதங்களைத்தான் படியெடுத்தல் காரணிகள் என்கிறோம். இந்தத் துறைக்குள் புதிதாக வரும் நம் பக்கத்து மாணவர்களுக்காக, ஒரு மடிக்கணினியோடும் கொஞ்சம் சாடிகளோடும் எங்கிருந்து தொடங்கலாம் என்று எழுதுகிறேன். நாங்கள் பள்ளியில் பரம்பரையலகு என்று படித்ததை இங்கே மரபணு என்றே சொல்கிறேன், தேடும்போது அந்தச் சொல்தான் கைகொடுக்கும்.

முதலில், இந்தக் காரணிகள் என்ன செய்கின்றன

ஒவ்வொரு மரபணுவுக்கும் முன்னால் கட்டுப்பாட்டுக்கான ஒரு டிஎன்ஏப் பகுதி இருக்கிறது. படியெடுத்தல் காரணி அங்கே தனக்குரிய எழுத்து வரிசையைக் கண்டு ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதும் அந்த மரபணுவைப் படியெடுக்கும் வேலை, அதாவது அதிலிருந்து ஆர்என்ஏப் படிகளை எடுக்கும் வேலை, கூடும், அல்லது குறையும். டிஎன்ஏயைப் பிடிக்கும் அந்தப் பிணைப்புப் பகுதி எந்தெந்தப் புரதங்களில் ஒரே மாதிரி இருக்கிறதோ அவற்றை ஒரு குடும்பமாகச் சேர்க்கிறார்கள். வொர்க்கி, நாக், மிப், பீஸிப், ஏபி2/ஈஆர்எஃப், எச்எஸ்எஃப் எல்லாம் அப்படி வந்த பெயர்கள். வொர்க்கிக் குடும்பத்தின் முதல் புரதம் 1994இல் வற்றாளங்கிழங்கில் கண்டுபிடிக்கப்பட்டது என்பது எனக்குப் பிடித்த செய்தி. நம் தோட்டத்துப் பயிர் ஒன்றிலிருந்து தொடங்கிய கதை இது.

உப்பை வைத்தே ஒரு தொடரைப் பார்ப்போம். வேரைச் சுற்றி உப்புக் கூடினால் செடி நீரை இழுக்கச் சிரமப்படுகிறது. உள்ளே அப்சிசிக் அமிலம் என்ற ஓமோன் ஏறுகிறது. அது ஸ்னார்க்2 என்ற நொதிகளைத் தூண்டுகிறது. அவை பீஸிப் குடும்பத்துக் காரணிகள் சிலவற்றின்மேல் பொஸ்பேற்றை ஏற்றுகின்றன. அந்தக் காரணிகள் போய் ஏசிஜிடிஜி என்ற வரிசையைப் பிடிக்க, நீரைக் காக்கும் புரதங்களின் மரபணுக்கள் விழிக்கின்றன. ஏபி2/ஈஆர்எஃப் குடும்பத்தின் ட்ரெப்2ஏ என்பதோ சிசிஜிஏசி என்ற வரிசையைப் பிடிக்கும். வறட்சி, உப்பு, வெப்பம் மூன்றிலும் அதற்கு வேலை உண்டு. நம் ஆடி மாதத்துக்கு இதைவிடப் பொருத்தமான காரணி கிடைக்காது.

எல்லாமே இந்தக் காரணிகள் வழியாகத்தான் நடக்கிறது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். கலத்துக்குள் வந்த சோடியத்தை வெளியே தள்ளும் எஸ்ஓஎஸ் வழியில், கல்சியம் சமிக்ஞையை எஸ்ஓஎஸ்3 உணர்ந்து எஸ்ஓஎஸ்2ஐத் தூண்ட, அது எஸ்ஓஎஸ்1 என்ற வாயிலை நேரடியாகவே இயக்குகிறது. புரதம் புரதத்தைத் தொட்டு நடக்கும் வேலை அது. உங்கள் பட்டியலில் உள்ள எந்த மரபணுவும் அசையவில்லை என்றாலும் செடி உப்போடு போராடிக்கொண்டிருக்கலாம்.

செடியின் குடும்பக் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள்

சந்தையில் கோவா, பூக்கோவா, நோக்கோல் மூன்றையும் தனித்தனி மரக்கறியாக வாங்குகிறோம். மூன்றும் ஒரே இனம், பிராசிக்கா ஒலரேசியா. சீனக் கோவாவும் டர்னிப்பும் பிராசிக்கா ராப்பா. நம் தாளிப்புக் கடுகு பெரும்பாலும் பிராசிக்கா ஜன்சியா. இவற்றின் உறவை 1935இல் நாகஹாரு யு ஒரு முக்கோணமாக வரைந்து காட்டினார். மூலையில் மூன்று இனங்கள்: ராப்பா, அதன் மரபணுத்தொகுதி ஏ, 10 சோடி நிறமூர்த்தங்கள், நைக்ரா, பி, 8 சோடி, ஒலரேசியா, சி, 9 சோடி. இரண்டிரண்டாகக் கலந்து பிறந்தவை பக்கங்களில் நிற்கின்றன. ஏயும் பியும் சேர்ந்தது ஜன்சியா, 18 சோடி. ஏயும் சியும் நேப்பஸ், 19. பியும் சியும் கரினாட்டா, 17. இந்த முக்கோணத்தை ஒரு தாளில் வரைந்து மேசைக்கு மேல் ஒட்டுங்கள். ஜன்சியாவில் ஒரு மரபணுவைத் தேடும்போதெல்லாம் ஏ பக்கத்துப் பிரதி ஒன்று, பி பக்கத்துப் பிரதி ஒன்று என்று வருவது ஏன் என்று அந்தத் தாள் சொல்லும்.

இன்னொரு பழைய சம்பவமும் உண்டு. ஆய்வுகூடங்களின் செல்லச் செடியான அராபிடொப்சிஸின் பாதையிலிருந்து பிரிந்த பிறகு, பிராசிக்காக்களின் மூதாதைச் செடியில் மரபணுத்தொகுதி முழுவதும் மும்மடங்கானது. அராபிடொப்சிஸில் ஏறத்தாழ 27,000 புரத மரபணுக்கள். மூன்றால் பெருக்கினால் 81,000 வரவேண்டும். 2011இல் ராப்பாவின் மரபணுத்தொகுதி வெளியானபோது எண்ணப்பட்டவை 41,174. மீதி, காலப்போக்கில் உதிர்ந்துபோயின. ஆனால் படியெடுத்தல் காரணிகள் மற்ற மரபணுக்களைவிட அதிகமாகத் தங்கியிருக்கின்றன. ஒரு காரணிக்கு மூன்று பிரதி தங்கியிருந்தால் மூன்றும் அதே வேலையைச் செய்கின்றனவா, ஒன்று உப்புக்கும் மற்றொன்று வெப்பத்துக்கும் என்று பிரிந்துவிட்டனவா? இந்தக் கேள்விக்காகத்தான் பிராசிக்காவைத் தேடி ஆய்வாளர்கள் வருகிறார்கள்.

ஒரு குடும்பத்தைத் தேர்ந்தெடுங்கள்

முதல் பயிற்சிக்கு எச்எஸ்எஃப் குடும்பத்தை எடுங்கள். வெப்பத்தில் புரதங்கள் குலையாமல் காக்கும் மரபணுக்களை இயக்குவது இதுதான். அராபிடொப்சிஸில் மொத்தம் 21. ஒவ்வொன்றையும் திறந்து கண்ணால் பார்க்க முடிகிற அளவு. அது கைக்கு வந்த பிறகு வொர்க்கிக்கோ நாக்குக்கோ போங்கள். மிப் குடும்பத்தைப் புதியவர் யாரும் முதலில் தொட வேண்டாம். மிகப் பெரிய குடும்பம், அதன் பிணைப்புப் பகுதியும் ஒரே புரதத்தில் ஒன்று, இரண்டு, மூன்று தடவை திரும்பத் திரும்ப வரும். எது உள்ளே, எது வெளியே என்று பிரிப்பதற்குள் தவணை முடிந்துவிடும்.

கோப்புகளை இறக்குதல்

அராபிடொப்சிஸுக்கு டெயர் தளம், பிராசிக்காக்களுக்கு பிராட் தளம், பொதுவாக என்செம்பிள் பிளான்ட்ஸ், பைட்டோசோம். ஒவ்வொரு இனத்துக்கும் மூன்று கோப்புகள் வேண்டும்: முழு மரபணுத்தொகுதியின் வரிசை, புரத வரிசைகள், எந்த மரபணு எந்த நிறமூர்த்தத்தில் எங்கே இருக்கிறது என்று சொல்லும் இடவிவரக் கோப்பு. மூன்றும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும். பதிப்பு எண்ணையும் இறக்கிய திகதியையும் அன்றே குறிப்புப் புத்தகத்தில் எழுதுங்கள். கோப்புகள் பெரியவை, கைபேசி டேட்டாவில் இறக்குவதானால் இரவில் செய்யுங்கள்.

இங்கே எனக்கு நேர்ந்த ஒரு பிழையைச் சொல்கிறேன். முதல் தடவை நான் எண்ணிய குடும்பம், பிறகு சரிபார்த்ததைவிட மிகப் பெரிதாக வந்தது. பட்டியலை அச்சிட்டு வரிவரியாகப் பார்த்தபோதுதான் தெரிந்தது: பெயரின் கடைசிப் புள்ளிக்குப் பின்னால் 1, 2, 3 என்று இலக்கம் மாறியதே தவிர மரபணு ஒன்றுதான். ஒரே மரபணு பல விதமாக வெட்டி ஒட்டப்பட்டுப் பல புரதங்களைத் தரும். அவற்றையெல்லாம் தனித்தனியாக எண்ணியிருந்தேன். தேடுவதற்கு முன்பே ஒவ்வொரு மரபணுவுக்கும் மிக நீளமான ஒரு புரதத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கிவிடுங்கள். டிபிடூல்ஸ் என்ற இலவச மென்பொருளில் இதைக் கட்டளை எழுதாமலே செய்யலாம்.

தேடுதல், பிறகு கண்ணால் பார்த்தல்

பெயரை நம்பித் தேடாதீர்கள். தளங்களில் ‘வொர்க்கி போன்ற புரதம்’ என்று எழுதியிருப்பது கணினி ஒட்டிய சீட்டு. பிஃபாம் என்ற புரதப் பகுதிகளின் தொகுப்பில் ஒவ்வொரு பிணைப்புப் பகுதிக்கும் ஓர் அச்சு, அதாவது அதன் வரிசை எப்படி இருக்கும் என்று சொல்லும் மாதிரி, இருக்கிறது. வொர்க்கிக்கு பிஎஃப்03106, நாக்குக்கு பிஎஃப்02365, ஏபி2க்கு பிஎஃப்00847, எச்எஸ்எஃப்புக்கு பிஎஃப்00447. அந்த அச்சை இறக்கி ஹம்மர் என்ற நிரலுக்குக் கொடுத்தால், அது உங்கள் புரதக் கோப்பு முழுவதையும் துழாவிப் பொருந்துவதையெல்லாம் தரும். கூடவே அராபிடொப்சிஸின் புரதங்களை வைத்து, வரிசைகளை ஒப்பிட்டுத் தேடும் பிளாஸ்ட் தேடல் ஒன்றும் ஓடுங்கள். இரண்டிலும் வந்தவை உறுதியானவை. ஒன்றில் மட்டும் வந்தவற்றைத் தனியாக வையுங்கள்.

அப்புறம் கையால் செய்யும் வேலை. இதைத் தவிர்ப்பவர்கள் அதிகம், எனக்கு இதுதான் ஆய்வின் இதயம். புரதங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கித் திரையில் உருட்டிப் பாருங்கள். வொர்க்கியின் பிணைப்புப் பகுதி ஏறத்தாழ 60 அமினோ அமிலம் நீளம். அதன் தொடக்கத்தில் ஏழெழுத்துக் கையொப்பம் ஒன்று நெட்டுக்கு ஒரே நிறத்தில் கம்பம்போல நிற்கும்: டபிள்யூ, ஆர், கே, ஒய், ஜி, கியூ, கே. முதல் நான்கெழுத்திலிருந்துதான் குடும்பத்துக்கே பெயர் வந்தது. உருட்டிக்கொண்டே போகும்போது ஓரிடத்தில் ஆறாவது எழுத்து கியூ இருக்க வேண்டிய இடத்தில் கே இருக்கும். அதை அழித்துவிடாதீர்கள். இது உண்மையிலேயே இருக்கிற மாறுபாடு, அப்படிப்பட்ட புரதத்தின் பிடிப்பும் மாறக்கூடும். இன்னோரிடத்தில் கையொப்பம் சரியாக இருக்கும், ஆனால் பின்னால் சிங்க் அணுவைப் பிடிக்க வேண்டிய சிஸ்டீன்களில் ஒன்று இராது, வரிசை பாதியில் முடிந்திருக்கும். அது செயலிழந்த பிரதியாகவும் இருக்கலாம், மரபணுத்தொகுதியைத் தொகுத்தபோது விழுந்த ஓட்டையாகவும் இருக்கலாம். இவற்றைத் தனிப் பட்டியலில் காரணத்தோடு குறியுங்கள்.

மரம், அயல், தேர்வு அழுத்தம்

இது ஓரளவு பழகிய பாதை, சுருக்கமாகச் சொல்கிறேன். அராபிடொப்சிஸின் உறுப்பினர்களையும் சேர்த்து மெகா மென்பொருளில் உறவு மரம் வரையுங்கள், கிளைகளை எவ்வளவு நம்பலாம் என்று காட்டும் 1000 தடவை மீள்சோதனையோடு. பிராசிக்கா மரபணு எந்த அராபிடொப்சிஸ் மரபணுவோடு ஒரே கிளையில் உட்காருகிறதோ அதன் பெயரால் குறியுங்கள். அராபிடொப்சிஸ் இலக்கங்களை வாசிக்கப் பழகுங்கள். ஏடி2ஜி38470 என்றால் இரண்டாம் நிறமூர்த்தத்தில் உள்ள மரபணு. அதுதான் வொர்க்கி33, நோயெதிர்ப்பிலும் உப்பைத் தாங்குவதிலும் பேர்போனது. பிறகு எம்சிஸ்கான்எக்ஸ் என்ற நிரலைக் கொண்டு அயல் மரபணுக்களின் ஒழுங்கைப் பாருங்கள். மும்மடங்கானபோது வந்த பிரதி எது, பிற்காலத்தில் பக்கத்திலேயே முளைத்த இரட்டை எது என்பது அதில் பிரியும். புரதத்தை மாற்றும் டிஎன்ஏ மாற்றங்களை மாற்றாதவற்றோடு ஒப்பிடும் கேஏ/கேஎஸ் விகிதம் அநேகமாக எல்லாச் சோடிக்கும் 1க்குக் கீழேதான் வரும். வேண்டாத மாற்றங்கள் களையப்பட்டிருக்கின்றன என்பதைத் தவிர அது அதிகம் சொல்வதில்லை, அதற்காக மூன்று பக்கம் எழுத வேண்டாம்.

முன்பகுதி வரிசைகளை எண்ணும்போது கவனம்

மரபணுவுக்கு முன்னால் உள்ள 2000 எழுத்தை வெட்டி எடுத்து பிளான்ட்கேர் தளத்தில் போட்டால், உப்புக்கு இது, வறட்சிக்கு இது, ஓமோனுக்கு இது என்று வண்ண வண்ணமாகப் பெட்டிகள் வரும். பார்க்க அழகு. நம்புவதற்கு முன் ஒரு கணக்குப் போடுங்கள். வொர்க்கிகள் பிடிக்கும் வரிசையின் மையம் டிடிஜிஏசி, ஐந்தெழுத்து. நாலெழுத்துக் கொண்ட டிஎன்ஏயில் ஒரு குறிப்பிட்ட ஐந்தெழுத்து வரிசை சராசரியாக 1024 எழுத்துக்கு ஒரு தடவை தற்செயலாகவே வரும். 2000 எழுத்தில் இரண்டு. எதிர்ப்புற இழையையும் சேர்த்தால் நாலு. ஆகவே உங்கள் மரபணுவின் முன்னால் அது நாலு இடத்தில் இருக்கிறது என்றால் அதில் செய்தி எதுவும் இல்லை. பத்து இடத்தில் நெருக்கமாக இருந்தால், அல்லது ராப்பா, ஒலரேசியா, அராபிடொப்சிஸ் மூன்றிலும் அதே இடத்தில் நிலைத்திருந்தால் நின்று பாருங்கள்.

பிறர் தந்த தரவில் முதலில் பாருங்கள்

உங்கள் மரபணுக்கள் உப்பில் எப்படி நடந்துகொண்டன என்பதை மற்றவர்கள் ஏற்கெனவே அளந்து பொதுத் தரவகங்களில் வைத்திருக்கலாம். சாடி வாங்குமுன் அதைத் தேடுங்கள். இலையா, வேரா, எத்தனை மணி நேரம், எவ்வளவு உப்பு என்று பார்த்து இறக்கி, எந்த மரபணு எவ்வளவு ஏறியது என்று நிறத்தால் காட்டும் ஒரு வெப்பப்படம் வரைந்தால், நூற்றுக்கு மேற்பட்ட உறுப்பினரில் பின்தொடரத்தக்க ஏழெட்டு மிஞ்சும்.

சாடியில் சோதனை: அளவைக் கிணறு தீர்மானிக்கட்டும்

நான் ஆகக் கூடுதலாகச் சொல்ல விரும்புவது இந்தப் படியைப் பற்றித்தான். வெளிவரும் பெரும்பாலான ஆய்வுகளில் நாற்றை எடுத்து 150 அல்லது 200 மில்லிமோலர் உப்பில் திடீரென்று வைத்து, 24 மணி நேரத்துக்குள் இலையை வெட்டிவிடுவார்கள். 150 மில்லிமோலர் என்றால் லீற்றருக்கு 8.77 கிராம் உப்பு. நீரின் மின்கடத்துதிறனை வைத்து உப்பை அளக்கும் ஈசி மீட்டரில் மீற்றருக்கு ஏறத்தாழ 15 டெசிசீமன்ஸ் காட்டும். கோவாவின் விளைச்சல் குறையத் தொடங்கும் எல்லை எவ்வளவு தெரியுமா? மண் சாற்றில் 1.8, பாசன நீரில் ஏறத்தாழ 1.2. அதற்கு மேல் மண் சாற்றில் ஒவ்வொரு டெசிசீமன்ஸுக்கும் 9.7 சதவீதம் இழப்பு. மண் 5 காட்டினால் மூன்றில் ஒரு பங்கு விளைச்சல் போய்விட்டது என்று அர்த்தம். மாமியின் பாத்தியில் ஒரு நாளில் 15 ஏறுவதில்லை. வைகாசி, ஆனி, ஆடி என்று நாளுக்கு நாள் கொஞ்சமாக ஏறுகிறது. திடீர் அதிர்ச்சிக்கு விழிக்கும் மரபணு இந்த மெல்ல ஏறும் உப்புக்கும் விழிக்கும் என்று நாமாக எடுத்துக்கொள்ள முடியாது. உப்பின் முதல் தாக்கம் நீர்த்தட்டுப்பாடு, சில மணி நேரத்தில் தெரியும். சோடியம் இலையில் தேங்கி ஓரம் கருகுவது நாட்கணக்கில், வாரக்கணக்கில் வருவது.

அதனால் இரண்டு தொகுதிச் சாடி வையுங்கள். ஒன்றில் மற்ற ஆய்வுகளோடு ஒப்பிடத் திடீர் உப்பு. மற்றதில் நம் கிணற்றின் நடை: லீற்றருக்கு 1.46 கிராம், அதாவது 25 மில்லிமோலரில் தொடங்கி, சில நாளுக்கு ஒருமுறை அதே அளவு கூட்டி, மூன்று வாரத்தில் 75 அல்லது 100க்குக் கொண்டுபோங்கள். கட்டுப்பாட்டுச் சாடிகளுக்கு நல்ல தண்ணீர். கடல் நீரைக் கலந்து ஊற்றலாமே என்று தோன்றும். அதில் மக்னீசியம், சல்பேற்று எல்லாம் இருப்பதால் எதற்குச் செடி பதில் சொன்னது என்று பிரிக்க முடியாது. வைத்தால் அதைத் தனித் தொகுதியாக வையுங்கள். விதையைப் பலசரக்குக் கடையில் அள்ளி வராதீர்கள், அது பல இடத்துக் கடுகு கலந்த மூட்டை. பெயர் தெரிந்த இன விதையை விதைக்கடையில் வாங்குங்கள்.

இலை எடுக்கும் நேரத்தில் நான் ஒரு முழுத் தொகுதியை இழந்தேன். கட்டுப்பாட்டு இலைகளைக் காலை எட்டு மணிக்கு எடுத்தேன், உப்பிட்ட இலைகளை ஆறு மணி நேரம் கழித்துப் பிற்பகல் இரண்டுக்கு. ட்ரெப் மரபணுக்கள் சில அழகாக ஏறியிருந்தன. பிறகு உப்பே காணாத செடியைப் பிற்பகலில் எடுத்துப் பார்த்தால் அதிலும் ஏறியிருந்தது. இந்த மரபணுக்கள் பலவற்றுக்கு நாளின் நேரத்தோடு ஏறி இறங்கும் உள் கடிகாரம் உண்டு. போதாததற்கு நம் ஊர் இரண்டு மணி வெயில் வேறு. ஒவ்வொரு நேரப் புள்ளியிலும் உப்பிட்டதையும் உப்பிடாததையும் பக்கத்தில் வைத்து ஒரே சமயத்தில் எடுங்கள். சாடிக்குப் பக்கத்தில் ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டு அளவையும் எழுதுங்கள்.

ஆர்என்ஏயும் அளவீடும்

ஒரு மரபணு எவ்வளவு விழித்தது என்பதை அதன் ஆர்என்ஏப் படிகளை அளந்துதான் அறிகிறோம். ஆர்என்ஏ நொடியில் சிதையும். வெட்டிய இலை உடனே திரவ நைதரசனுக்குள் போக வேண்டும். அது கிடைக்காத இடத்தில் ஆர்என்ஏ காக்கும் கரைசலில் சிறு துண்டுகளாக வெட்டி மூழ்கவையுங்கள். நீண்ட நாள் வைக்க மறை 80 பாகை வேண்டும். மின்வெட்டுக் காலத்தில் மாதிரிகளை இரண்டாகப் பிரித்து இரண்டு இடத்தில் வைப்பது நல்லது. ஆர்என்ஏயின் தூய்மையைக் காட்டும் 260/280 ஒளி உறிஞ்சல் விகிதம் 2க்கு அருகில் இருக்கிறதா பாருங்கள், ஜெல்லில் ஓட்டிப் பட்டைகள் தெளிவாக நிற்கின்றனவா என்றும் பாருங்கள்.

ஆர்என்ஏயின் அளவைப் பெருக்கிப் பார்த்து அளக்கும் கியூபிசிஆருக்கு, எந்தப் பகுதியைப் பெருக்குவது என்று குறிக்கும் சிறு டிஎன்ஏத் துண்டுகளான தொடக்கிகளை வடிவமைக்கும்போது பிராசிக்காவின் மூன்று பிரதிகளும் தொல்லை தரும். பிணைப்புப் பகுதியில் தொடக்கி வைத்தால் மூன்றும் சேர்ந்து பெருகும். பிரதிகள் ஒன்றுக்கொன்று அதிகம் வேறுபடுவது பெரும்பாலும் மரபணுவின் வால் பக்கத்தில், புரதமாக மாறாத பகுதியில். தொடக்கியை அங்கே வையுங்கள். உப்பில் மாறாது என்று கருதி மற்றவற்றை ஒப்பிடும் ஒப்பீட்டு மரபணுவாக அக்டினை மட்டும் நம்பாமல் இன்னொன்றையும் சேருங்கள், அவை உப்பில் அசையவில்லை என்றும் சோதியுங்கள். ஒவ்வொரு நிலைக்கும் குறைந்தது மூன்று தனிச் செடிகள். ஒரே செடியின் இலையை மூன்று குழியில் போடுவது மூன்று செடியாகாது. எத்தனையாவது பெருக்கல் சுற்றில் சமிக்ஞை தெரிகிறது என்பதே சிடி எண். அதில் ஒன்று குறைந்தால் அளவு இருமடங்கு, மூன்று குறைந்தால் எட்டு மடங்கு. கணக்கிடும் முறை 2001 முதல் எல்லோரும் பின்பற்றும் இரட்டை டெல்டா சிடி முறைதான்.

நாட்காட்டியை இப்படி அமைக்கலாம். மழை தொடங்கும் ஐப்பசியில் கோப்புகளை இறக்குங்கள். மார்கழிக்குள் மரமும் பட்டியலும் முடியட்டும். வாடை ஓய்ந்து கிணறு நிறைந்திருக்கும் மாசியில் ஒரு போத்தல் நீரை எடுத்து ஈசி அளந்து எழுதுங்கள், அதே கிணற்றில் மாதம் ஒரு தடவை அளந்துகொண்டே வாருங்கள். விதையைப் பங்குனியில் போட்டால் சித்திரையில் நாற்றுகளுக்கு நாலைந்து இலை இருக்கும், உப்பைத் தொடங்கலாம். கச்சான் பலமாக வீசத் தொடங்குவதற்குள் கடைசி இலையும் குளிருக்குள் போய்விடும். ஆடியில் கிணற்றின் அளவு உங்கள் சாடியின் அளவை எட்டுகிறதா என்று பார்த்துவிட்டு, அடுத்த சுற்றுக்கு எத்தனை கிராம் என்று முடிவு செய்யுங்கள்.